முந்திரி ஒத்துக்கொள்ளாத பிள்ளை தெரியாமல் சாப்பிட்டுவிட்டால்

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது, எடை 25 கிலோ. மூன்று வயதில் முந்திரிப் பருப்பு சாப்பிட்டு உதடு வீங்கியதிலிருந்து நாங்கள் அவனுக்கு முந்திரி கொடுப்பதே இல்லை. சென்ற மாதம் உறவினர் வீட்டுக் கல்யாணப் பந்தியில் பரோட்டாவுக்கு வெள்ளைக் குருமா ஊற்றிச் சாப்பிட்டான். பத்து நிமிடத்துக்குள் வாய் அரிக்கிறது என்றான். உடம்பெல்லாம் தடிப்பு வந்தது, இரண்டு முறை வாந்தி எடுத்தான், குரலும் கரகரத்துவிட்டது. கையிலிருந்த செட்டிரிசின் சிரப்பைக் கொடுத்தோம். பக்கத்தில் இருந்த கிளினிக்கில் அவில் ஊசியும் டெக்சா ஊசியும் போட்டு, அரை மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தூங்கப்போனவன் இரவு பதினொரு மணிக்குத் தடிப்போடும் இருமலோடும் மறுபடியும் எழுந்துகொண்டான். விடியும்வரை அவனைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தோம். என் மாமியார், “முந்திரித் தோப்பு வைத்திருக்கிற வீட்டில் பிறந்த பிள்ளைக்கு முந்திரி சேராமல் போகுமா? இது காணாக்கடிதான். வெற்றிலையும் மிளகும் மென்று விழுங்கினால் சரியாகிவிடும்” என்கிறார். இன்னொரு முறை இப்படி நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும்? வாந்தி எடுக்க வைக்கலாமா? சிரப் போதுமா? வளர வளர இது போய்விடுமா?
— பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒரு தாய்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி இரண்டாம் முறை படிக்க வைத்தது “குரலும் கரகரத்துவிட்டது” என்ற வரிதான். தடிப்பு தோலில் வருவது. வாந்தி வயிற்றிலிருந்து வருவது. குரல் மாறுவதோ தொண்டைக்குள் குரல்வளை வீங்கத் தொடங்கியதற்கான அறிகுறி. ஒரே உணவால், சில நிமிடங்களுக்குள், உடம்பின் வெவ்வேறு உறுப்புகள் இப்படி ஒன்றாகப் பாதிக்கப்பட்டால் அதை அனஃபிலாக்சிஸ் என்கிறோம். தமிழில் உயிருக்கு ஆபத்தான தீவிர ஒவ்வாமை என்று சொல்லலாம். உங்கள் மகனுக்கு அன்று வந்தது அதுதான். அவன் பிழைத்து எழுந்ததில் உங்களைப் போலவே நானும் நிம்மதி அடைகிறேன். ஆனால் சிரப்பும் அவில் ஊசியும்தான் அவனைக் காப்பாற்றின என்ற முடிவுக்கு நீங்கள் வந்துவிடக்கூடாது என்பதற்காகவே இந்தப் பதிலைச் சற்று நீளமாக எழுதுகிறேன்.

முந்திரியில் உள்ள புரதத்தைப் பகையாகக் கருதிப் பழகிவிட்ட உடம்பில், அந்தப் புரதம் மறுபடியும் நுழைந்தவுடன், தோல், குடல், மூச்சுக்குழாய் எங்கும் பரவியிருக்கும் ஒருவகைச் செல்கள் ஹிஸ்டமின் உள்ளிட்ட பல வேதிப்பொருள்களை ஒரே நேரத்தில் கொட்டுகின்றன. அதனால் இரத்தக் குழாய்கள் விரிந்து கசிகின்றன, தொண்டை வீங்குகிறது, மூச்சுக்குழாய்கள் இறுகுகின்றன, இரத்த அழுத்தம் இறங்குகிறது. செட்டிரிசினும் அவிலும் இவற்றில் ஹிஸ்டமின் ஒன்றின் வேலையை மட்டும், அதிலும் ஒரு பகுதியை மட்டும், தடுப்பவை. அரிப்பும் தடிப்பும் அடங்கும். அதற்கும் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆகும். தொண்டை வீக்கத்தையோ இறங்கும் இரத்த அழுத்தத்தையோ அவற்றால் நிறுத்த முடியாது. டெக்சா போன்ற ஸ்டீராய்டு மருந்துகள் வேலை செய்யப் பல மணி நேரம் பிடிக்கும். பிரிட்டனில் தீவிர ஒவ்வாமையால் நேர்ந்த இறப்புகளை ஆராய்ந்தபோது, உணவால் இறந்தவர்களில் பாதிப் பேருக்கு, சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள்ளேயே மூச்சோ இதயமோ நின்றுபோயிருந்தது. அரை மணி நேரத்தில் முடிந்துவிடக்கூடிய ஒரு விஷயத்துக்கு ஒரு மணி நேரம் கழித்து வேலை செய்யும் மருந்தை நம்பியிருக்க முடியாது.

இதற்கான மருந்து அட்ரினலின் ஒன்றுதான். விரிந்த இரத்தக் குழாய்களைச் சுருக்குவது, தொண்டை வீக்கத்தைக் குறைப்பது, மூச்சுக்குழாயைத் திறப்பது, இதயத்தை வலுவாகத் துடிக்க வைப்பது, அந்தச் செல்கள் மேலும் கொட்டுவதைத் தடுப்பது ஆகிய அனைத்தையும் அது ஒன்றே சில நிமிடங்களில் செய்கிறது. உங்கள் மகனின் உடம்பு அன்று தன் அட்ரினலினைத் தானே போதிய அளவு சுரந்து சமாளித்திருக்க வேண்டும் என்றே நான் கருதுகிறேன். அடுத்த முறையும் அது சமாளிக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. ஒருமுறை லேசாக வந்தது மறுமுறை கடுமையாக வரலாம். அதற்கு முன்னறிவிப்பும் இருக்காது. சளியும் காய்ச்சலுமாக இருக்கும் நாளிலோ, ஓடி விளையாடிய உடனேயோ, ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதபோதோ அதே அளவு முந்திரி கூடுதல் தீங்கு செய்யும்.

இனி, தெரியாமல் சாப்பிட்டுவிட்ட அந்த நிமிடத்துக்கு வருகிறேன். வாயில் இருப்பதைத் துப்பச் செய்து, வாயைக் கொப்பளிக்க வைத்து, கையைக் கழுவிவிடுங்கள். தொண்டைக்குள் விரல் விட்டோ உப்புத் தண்ணீர் கொடுத்தோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அறிகுறி தொடங்கிவிட்டது என்றால் புரதம் ஏற்கெனவே இரத்தத்தில் கலந்துவிட்டது என்று பொருள். வாந்தியால் அதைத் திரும்ப எடுக்க முடியாது. அதோடு, தொண்டை வீங்கியிருக்கும்போது வருகிற வாந்தி மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும் அபாயம் உண்டு. மோர், எலுமிச்சைச் சாறு, வெற்றிலை, மிளகு எதுவுமே அந்த நேரத்தில் வாய் வழியாகப் போகக்கூடாது என்பதற்கும் அதே காரணம்தான்.

அதன் பிறகு பிள்ளையை ஒரு கணமும் தனியாக விடாதீர்கள். கைகழுவும் இடத்துக்கோ கழிவறைக்கோ தனியே அனுப்பவும் கூடாது. உதட்டைச் சுற்றி இரண்டு மூன்று தடிப்புகள், கொஞ்சம் அரிப்பு, அவ்வளவுதான் என்றால் மருத்துவர் எழுதிக்கொடுத்த அளவில் செட்டிரிசின் கொடுத்துவிட்டு, அட்ரினலினைக் கையிலேயே வைத்துக்கொண்டு, அடுத்த நான்கு மணி நேரம் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளலாம். குரல் கம்முதல், விடாத இருமல், மூச்சில் வீசிங் சத்தம், எச்சிலை விழுங்க முடியாமல் ஒழுகவிடுதல், திரும்பத் திரும்ப வாந்தி, தாங்க முடியாத வயிற்று வலி, முகம் வெளிறுதல், தலைசுற்றல், துவண்டு போதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அட்ரினலின் போட வேண்டும். பிள்ளைகள் இவற்றை நம்மைப் போலச் சொல்லமாட்டார்கள். “நாக்கு பெரிசாயிடுச்சு” என்பார்கள். “தொண்டையில முடி மாட்டிக்கிச்சு” என்பார்கள். சிலர் ஒன்றும் சொல்லாமல் காதுக்குள் விரலை விட்டுக் குடைவார்கள், அல்லது தாயின் மடியில் வந்து பேசாமல் ஒட்டிக்கொள்வார்கள். தடிப்பு இல்லையே என்று காத்திருக்கவும் வேண்டாம். தீவிர ஒவ்வாமை வருபவர்களில் பத்தில் ஒருவருக்காவது தோலில் ஒன்றுமே தெரியாது.

போடலாமா வேண்டாமா என்று மனம் ஊசலாடினால், போட்டுவிடுங்கள். இதை நான் தயக்கமின்றிச் சொல்கிறேன். இதய நோய் இல்லாத ஒரு பிள்ளைக்குத் தொடைத் தசையில் சரியான அளவில் போடும் அட்ரினலின், பத்துப் பதினைந்து நிமிடம் நெஞ்சு படபடக்கவும் கை நடுங்கவும் வைக்குமே தவிர, கேடு செய்யாது. மருத்துவர்கள் சிலரே இதற்கு அஞ்சுவதுண்டு. அட்ரினலினை இரத்தக் குழாய் வழியாக வேகமாகச் செலுத்தினால் வரும் ஆபத்தைப் பார்த்துப் பழகிய அச்சம் அது. தசையில் போடுவதற்கு அந்த அச்சம் பொருந்தாது. அன்று கிளினிக்கில் அட்ரினலின் போடாமல் அவில் போட்டதற்கும் இந்தத் தயக்கம் காரணமாக இருந்திருக்கலாம்.

மேலைநாடுகளில் பேனா வடிவில் தானே குத்திக்கொள்ளும் அட்ரினலின் கருவி கிடைக்கிறது. நம் ஊர் மருந்துக் கடைகளில் அதை எளிதில் வாங்க முடிவதில்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்களுக்கு அதன் விலையும் அதிகம். அதற்காகக் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. 1 மில்லியில் 1 மில்லிகிராம் அட்ரினலின் உள்ள சின்னக் கண்ணாடி ஆம்பியூல் இங்கே மலிவான விலையில், மருத்துவரின் சீட்டுக்குக் கிடைக்கிறது. கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்பது கணக்கு. 25 கிலோ எடையுள்ள உங்கள் மகனுக்கு 0.25 மில்லி. எடை கூடக் கூட இந்த அளவும் மாறும் என்பதால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடை பார்த்து உங்கள் மருத்துவரிடம் அளவை உறுதி செய்துகொள்ளுங்கள்.

பதற்றத்தில் ஆம்பியூலை உடைத்து, மருந்தை உறிஞ்சி, அளவு பார்ப்பது பழகிய செவிலியருக்கே கடினம். ஆகவே நான் பார்க்கும் குடும்பங்களுக்குச் சரியான அளவை முன்கூட்டியே சிரிஞ்சில் நிரப்பி, மூடி போட்டு, தேதி எழுதி, வெளிச்சம் படாத டப்பாவில் வைத்துக் கொடுக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும். மருந்து இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ நிறம் மாறியிருந்தால் அப்போதே தூக்கிப் போட்டுவிட வேண்டும். வெயிலில் நிற்கும் காரிலோ வண்டியின் பெட்டியிலோ அதை வைக்கக்கூடாது, ஃப்ரீசரிலும் வைக்கக்கூடாது. இன்னொன்றையும் எச்சரித்தாக வேண்டும்: வீட்டில் தாத்தா பாட்டிக்காக வாங்கி வைத்திருக்கும் இன்சுலின் சிரிஞ்சை இதற்கு எடுத்துவிடாதீர்கள். அதன் ஊசி தசையைத் தொடுமளவுக்கு நீளமில்லை. அதில் இருப்பதும் மில்லிக்கு 40 என்ற யூனிட் கணக்கு, ஆகவே அளவு தவறிப்போகும்.

போடும் இடம் தொடையின் வெளிப்புறம், இடுப்புக்கும் முழங்காலுக்கும் நடுவில். பிள்ளையைப் படுக்க வைத்து, ஒருவர் முழங்காலை அசையாமல் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் ஊசியைத் தொடைக்கு நேர்ச் செங்குத்தாக இறக்கி, மருந்தைச் செலுத்திவிட்டு எடுக்க வேண்டும். அவசரமென்றால் மெல்லிய கால்சட்டைக்கு மேலேயே போடலாம். ஸ்பிரிட் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். கையிலோ தோலுக்கு அடியிலோ போடாமல் ஏன் தொடை என்றால், பிள்ளைகளிடம் அளந்து பார்த்ததில், தொடைத் தசையில் போட்ட அட்ரினலின் இரத்தத்தில் உச்ச அளவை எட்ட சுமார் 8 நிமிடமும், தோலுக்கு அடியில் போட்டது எட்ட சுமார் 34 நிமிடமும் ஆனது. போட்டு ஐந்து முதல் பதினைந்து நிமிடத்துக்குள் முன்னேற்றம் இல்லையென்றால் அதே அளவை மறு தொடையில் போட வேண்டும். அதனால்தான் எப்போதும் இரண்டு சிரிஞ்சு வைத்திருக்கச் சொல்கிறோம். பையனுக்கு ஆஸ்துமா இருந்தால், அட்ரினலின் போட்ட பிறகே நீலப் பஃப்பை, அதாவது மூச்சுக்குழாயை விரிக்கும் இன்ஹேலரை, கொடுங்கள். பஃப் கொடுத்துப் பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்று வரிசையை மாற்றிவிடாதீர்கள்.

ஊசிக்கு அடுத்தபடி முக்கியமானது பிள்ளை இருக்கும் நிலை. நான் பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில், இறால் சாப்பிட்டுத் தடிப்போடு வந்த பதினோரு வயதுச் சிறுமி ஒருத்தி, நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவள், சிறுநீர் கழிக்க வேண்டும் என்றாள். அவளுடைய அம்மா கைபிடித்து எழுப்பி நிறுத்தினார். நான் அருகில் நின்றும் தடுக்கவில்லை. நான்கு அடி வைப்பதற்குள் கண் செருகி, உதடு வெளுத்து, அம்மாவின் கைக்குள்ளேயே சரிந்துவிட்டாள். தரையில் கிடத்திக் காலைத் தூக்கிப் பிடித்து, மூத்த செவிலியர் ஒருவர் அட்ரினலின் போட்ட பிறகுதான் நாடி கைக்குத் தட்டுப்பட்டது. விரிந்துபோன குழாய்களுக்குள் இரத்தம் காலில் தேங்கி நிற்க, எழுந்து நின்றவுடன் இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் சட்டென்று குறைந்துபோகிறது. ஆகையால் பிள்ளையை மல்லாந்து படுக்க வைத்துக் கால்களைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். மூச்சுத் திணறினால் காலை நீட்டி உட்கார வைக்கலாம். வாந்தி வந்தாலோ நினைவு மங்கினாலோ இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தெளிவாகிவிட்டான் என்று தோன்றினாலும் நடக்க விடாதீர்கள், தூக்கித் தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொள்ளவும் வேண்டாம். ஆம்புலன்ஸ் வரையிலும் படுத்த நிலையிலேயே கொண்டுபோகட்டும்.

108ஐ அழைப்பதை ஊசி போட்ட கையோடு இன்னொருவர் செய்ய வேண்டும். முதலில் ஊசி, பிறகு அழைப்பு. இருசக்கர வண்டியில் நடுவில் உட்கார வைத்து விரைவது நம் ஊரில் எல்லோரும் செய்வது; இந்த நோய்க்கு அது தவறான பயணம். மருத்துவமனையில், “முந்திரி சாப்பிட்டான், இத்தனை மணிக்கு, தீவிர ஒவ்வாமை, இத்தனை மணிக்கு அட்ரினலின் 0.25 மில்லி தொடையில் போட்டோம்” என்று சொல்லுங்கள். “அலர்ஜி ஆயிடுச்சு” என்று மட்டும் சொன்னால், அவில் போட்டு அனுப்பிவிடும் வழக்கம்தான் மறுபடியும் நடக்கும். உங்கள் மருத்துவர் ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தால் இன்னும் நல்லது. அதைச் சிரிஞ்சு டப்பாவிலேயே மடித்து வையுங்கள்.

அன்று இரவு பதினொரு மணிக்கு வந்ததைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதையும் விளக்க வேண்டும். முந்திரியை மறுபடியும் சாப்பிடாமலேயே, முதல் அலை அடங்கிச் சில மணி நேரம் கழித்து இரண்டாம் அலை எழுவது இந்த நோயின் இயல்புகளில் ஒன்று. எல்லோருக்கும் வருவதில்லை, வந்தால் பெரும்பாலும் அரை நாளுக்குள் வரும், அரிதாக மூன்று நாள் வரையும் வரலாம். அட்ரினலின் தாமதமாகக் கிடைத்தவர்களுக்கும், கிடைக்காமலே போனவர்களுக்கும் அதற்கான வாய்ப்பு அதிகம். ஆகவே ஆறு மணி நேரமாவது மருத்துவமனையில் வைத்திருக்கும்படி கேளுங்கள். நிலைமை கடுமையாக இருந்தாலோ, வீடு மருத்துவமனையிலிருந்து தொலைவில் இருந்தாலோ ஓர் இரவு முழுக்கத் தங்கிவிடுவதே நல்லது. அன்று நீங்கள் தூங்காமல் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது சரியான செயல். ஆனால் அந்த இருமலுக்கு மருத்துவமனைக்குப் போயிருக்க வேண்டும்.

உங்கள் மாமியாரின் கேள்வியை நான் மரியாதையோடு எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அவருடைய அனுபவத்தில் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. முந்திரிக் கொட்டையை உடைப்பவர்களின் விரல்களில் ஓட்டு எண்ணெய் பட்டுத் தோல் கருகிப் புண்ணாவதை உங்கள் பகுதியில் எல்லோரும் கண்டிருப்பார்கள். அந்தக் கையோடே அவர்கள் பருப்பைத் தின்பதையும் கண்டிருப்பார்கள். அந்த எண்ணெய் ஓட்டில் இருப்பது, தோலைத் தொட்ட இடத்தில் மட்டும் எரிப்பது. உங்கள் மகனுக்கு ஆகாதது பருப்புக்குள் இருக்கும் புரதம். தோப்புக்காரர் வீட்டில் பிறந்ததால் அதற்கு விலக்கு கிடைத்துவிடாது. காணாக்கடி என்ற சொல்லும் பொய்யில்லை. காரணம் கண்ணில் படாத தடிப்புக்கு நம் முன்னோர் வைத்த பெயர் அது. இங்கேயோ காரணம் கண்ணில் பட்டுவிட்டது.

வெள்ளைக் குருமாவின் வெண்மைக்கும் கெட்டித்தன்மைக்கும் தேங்காயோடு முந்திரி விழுதும் சேர்த்து அரைப்பது பந்திச் சமையலில் வழக்கம். பன்னீர் பட்டர் மசாலா, நவரத்தின குருமா, பாயசம், கேசரி, பெயரில் முந்திரி இல்லாத பர்ஃபி வகைகள் எல்லாவற்றிலும் இதே கதைதான். பொங்கலிலிருந்து முந்திரியைப் பொறுக்கிப் போட்டுவிட்டுக் கொடுக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. முந்திரி வறுத்த நெய் முழுவதும் அந்தப் பொங்கலில்தானே கலந்திருக்கிறது. பிஸ்தாவின் புரதம் முந்திரியின் புரதத்தோடு மிக நெருங்கியது, ஆகவே பரிசோதனை முடியும்வரை பிஸ்தாவையும் விலக்கி வையுங்கள். பாக்கெட் உணவுகளில், உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிமுறைப்படி, கொட்டைப் பருப்புகள் சேர்ந்திருந்தால் தனியே குறிப்பிட்டாக வேண்டும். அதைப் படித்துப் பாருங்கள். கல்யாண வீட்டு அண்டாவுக்கு லேபிள் கிடையாது. சமையல் மாஸ்டரிடமே நேராகப் போய், “எதிலெல்லாம் முந்திரி அரைத்து ஊற்றினீர்கள்?” என்று கேளுங்கள். “முந்திரி போட்டிருக்கிறதா?” என்று கேட்டால், கண்ணுக்குத் தெரியும் முந்திரியை மனதில் வைத்து இல்லை என்று சொல்லிவிடுவார்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் வீட்டிலிருந்து கொண்டுபோன சாப்பாட்டைக் கொடுங்கள். உறவினர் மனம் கோணுவதைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

வளர வளரப் போய்விடுமா என்றால், பால், முட்டை ஒவ்வாமை பல பிள்ளைகளுக்கு வளரும்போது நீங்கிவிடும். முந்திரி போன்ற கொட்டைப் பருப்புகளில் பத்தில் ஒருவருக்குத்தான் அப்படி நீங்குகிறது. அது நீங்கிவிட்டதா என்று வீட்டில் ஒரு துண்டு கொடுத்துப் பார்க்கும் சோதனையை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். அலர்ஜி சிகிச்சை நிபுணரிடம் அழைத்துப் போங்கள். அவர் தோலில் குத்திப் பார்க்கும் சோதனையோ முந்திரிக்கான ஐஜிஇ (ஒவ்வாமையைத் தூண்டும் எதிர்ப்புப் பொருள்) இரத்தச் சோதனையோ செய்து, தேவைப்பட்டால் மருத்துவமனையிலேயே கொடுத்தும் பார்ப்பார். தோல் சோதனையை அந்தச் சம்பவம் நடந்து ஆறு வாரமாவது கழித்துச் செய்வதும், அதற்கு ஒரு வாரம் முன்பிருந்து செட்டிரிசின் கொடுக்காமல் இருப்பதும் நல்லது. நூறு, இருநூறு உணவுகளுக்கு ஐஜிஜி என்ற வேறொரு எதிர்ப்புப் பொருளைப் பார்த்துத் தருகிறோம் என்று வரும் விளம்பரங்களுக்குப் பணம் செலவழிக்காதீர்கள். அந்தச் சோதனையால் உணவு ஒவ்வாமையைக் கண்டறிய முடியாது.

பள்ளியில் வகுப்பு ஆசிரியரிடம் ஒரு டப்பாவும் மருத்துவரின் தாளும் இருக்கட்டும். பிறந்த நாள் சாக்லேட்டை வாங்கி அப்படியே வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்று பையனுக்கும் சொல்லிக்கொடுங்கள்; எட்டு வயதுப் பிள்ளைக்கு இது நன்றாகவே புரியும். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், இந்த வாரத்திலேயே உங்கள் மருத்துவரிடம் போய் ஆம்பியூலுக்குச் சீட்டு வாங்கி, ஊசி போடும் முறையை ஒரு ஆரஞ்சுப் பழத்திலாவது போட்டுப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். அந்த நாளில் மாமியாரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள், அம்மா. நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் அவன் சாப்பிட்டுவிட்டால், அந்த ஊசியைப் போட வேண்டியவர் அவராக இருக்கலாம்.